தீர்ப்புக்கும் சட்டத்துக்கும் நடுவில் கவுண்டி

வாஷிங்டன் மாநிலத்தில் பாத்தெல் பக்கம் வீடு வாங்கிய ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "கவுண்டி கவுன்சில் கூட்டங்களை இணையத்தில் பார்க்கிறேன். எதைக் கேட்டாலும் 'தலைநகர் ஒலிம்பியாவில் மாநிலச் சட்டமன்றக் கூட்டத்தொடர் முடியட்டும்' என்கிறார்கள். இல்லாவிட்டால் 'கோர்ட் தீர்ப்பு வந்துவிட்டது, எங்கள் கையில் ஒன்றுமில்லை' என்கிறார்கள். சொத்து வரி பில் மட்டும் கவுண்டி பெயரில் வருகிறது, அதுவும் ஏறிக்கொண்டே போகிறது. கவுண்டிக்குச் சொந்தமாக அதிகாரம் இருக்கிறதா இல்லையா?"

கவுண்டி என்பது மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற ஓர் உள்ளாட்சி. அதற்கு அதிகாரம் இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு. அந்த இரண்டு பதில்களைச் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. பெரும்பாலான நேரம் அவை உண்மை. வாஷிங்டன் மாநிலத்தை வைத்தே விளக்குகிறேன். நீங்கள் இருப்பதும் இங்கேதான், இந்த விஷயத்தில் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல மாநிலமும் இல்லை.

அமெரிக்க அரசியல் சட்டத்தில் கவுண்டி பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. மத்திய அரசு உண்டு, மாநிலங்கள் உண்டு, அவ்வளவுதான். கவுண்டிகளை உருவாக்கியவை மாநிலங்கள். மாநிலம் கொடுத்த அதிகாரம் மட்டுமே உள்ளாட்சிக்கு உண்டு என்று அயோவா நீதிபதி ஜான் டில்லன் 1868இல் சொன்னதைத்தான் 'டில்லன் விதி' என்று இன்றும் சொல்கிறார்கள். வாஷிங்டனில் 39 கவுண்டிகள். கிங், ஸ்னோஹோமிஷ், பியர்ஸ் உட்பட ஏழு கவுண்டிகளுக்கு மட்டும் தனி சாசனம் உண்டு. அவை தங்கள் நிர்வாக அமைப்பைத் தாங்களே வடிவமைத்துக்கொள்ளலாம், ஆனால் மாநிலச் சட்டத்தை மீறி நடக்க முடியாது.

நம் ஊர் மாவட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் குழம்புவது இங்கேதான். அங்கே கலெக்டரை அரசு நியமிக்கிறது, அதனால் மாவட்டம் அரசின் கை என்பது வெளிப்படையாகத் தெரிகிறது. இங்கே கமிஷனர், ஷெரீஃப், அரசு வழக்கறிஞர், வரி மதிப்பீட்டாளர் என்று பெரும்பாலானவர்கள் ஓட்டு வாங்கி வருகிறார்கள். பார்ப்பதற்குத் தனி அரசாங்கம் போல இருக்கும். ஆனால் செய்யும் வேலைகளைப் பாருங்கள்: சிறை, பெரிய வழக்குகளுக்கான விசாரணை நீதிமன்றம், வழக்குத் தொடுப்பது, வசதியில்லாதவர்களுக்கு வக்கீல் வைப்பது, தேர்தல் நடத்துவது, சொத்தை மதிப்பிடுவது, நகர எல்லைக்கு வெளியே சாலையும் கட்டட அனுமதியும். இவற்றில் பெரும்பாலானவை மாநிலச் சட்டம் கட்டாயமாக்கிய வேலைகள். கிங் கவுண்டியின் பொது நிதியில் முக்கால் பங்குக்கு அருகில் சட்டம், நீதி, சிறை இவற்றுக்கே போய்விடுகிறது. கவுன்சில் 'வேண்டாம்' என்று சொல்லக்கூடிய இடம் மிச்சத்தில்தான்.

சரி, வருமானம்? அங்கேயும் கதவு மாநிலத்தின் கையில். 2001 நவம்பரில் வரி எதிர்ப்புப் பிரசாரகர் டிம் ஐமன் முன்னெடுத்த 747 என்ற முன்முயற்சிக்கு (மக்கள் கையெழுத்துத் திரட்டி நேரடியாக வாக்கெடுப்புக்குக் கொண்டுவரும் சட்டம்) வாக்காளர்கள் ஒப்புதல் தந்தார்கள். ஓர் உள்ளாட்சி தன் சொத்து வரி வசூலை, வாக்காளரிடம் கேட்காமல், ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது. புதிய கட்டுமானத்தால் வரும் வரி மட்டும் தனிக் கணக்கு. இந்த 1 சதவீதம் உங்கள் பில்லுக்கு அல்ல, கவுண்டியின் மொத்த வசூலுக்கு. இதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். உங்கள் வீட்டு மதிப்பு ஒரே ஆண்டில் 20 சதவீதம் ஏறினாலும் கவுண்டிக்கு 20 சதவீதம் கூடுதல் பணம் வராது. மொத்தத் தொகை முன்பே முடிவாகிவிடும், அதை வீடுகளின் மதிப்புக்கு ஏற்பப் பங்கு பிரிப்பார்கள். ஒரு கவுண்டி இந்த ஆண்டு 100 டாலர் வசூலித்தால் அடுத்த ஆண்டு 101. சம்பளமும் மருத்துவக் காப்பீடும் 4 சதவீதம் ஏறினால் அதே வேலைக்கு 104 தேவை. அந்த 3 டாலர் இடைவெளி ஒவ்வொரு ஆண்டும் சேர்ந்துகொண்டே போகும். இருபது ஆண்டுகளுக்கு மேல் இப்படித்தான் ஓடுகிறது.

இதிலேயே கோர்ட்டும் சட்டமன்றமும் எப்படி மோதிக்கொள்கின்றன என்பதற்கு ஒரு பாடம் இருக்கிறது. 2007 நவம்பர் 8 அன்று மாநில உச்ச நீதிமன்றம் 747ஐ ரத்து செய்தது. வாக்காளர்களுக்குக் காட்டிய வாசகம் அப்போது நடைமுறையில் இருந்த சட்டத்தைத் தவறாகச் சொன்னது என்பது காரணம். வரம்பை 2 சதவீதத்திலிருந்து குறைப்பதாக அந்த வாசகம் சொன்னது, உண்மையில் இருந்த வரம்பு 6 சதவீதம். கவுண்டிகள் அடுத்த ஆண்டுக்கான பட்ஜெட்டை முடித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஆளுநர் கிறிஸ்டீன் கிரெகுவார் ஒரு நாள் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். நவம்பர் 29 அன்று அதே 1 சதவீத வரம்பு சட்டமாக மீண்டும் வந்துவிட்டது. மூன்றே வாரம். வரியைக் குறைக்கும் விஷயம் என்றால், அதுவும் வாக்காளர்கள் கோபமாக இருந்தால், சட்டமன்றம் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை இங்கே பார்க்கலாம். கவுண்டியின் செலவு சம்பந்தப்பட்ட தீர்ப்புகளுக்கு இந்த வேகம் வந்ததே இல்லை. என் பதிலின் மையமே இதுதான்: தீர்ப்பு ஒரு நாளில் வரும், அதைச் சீர்செய்யும் சட்டம் மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்து வரும், நடுவில் வரும் செலவையும் பழியையும் கவுண்டி சுமக்கும்.

2016 அக்டோபர் 6 அன்று வந்த ஹர்ஸ்ட் தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கனடா எல்லையை ஒட்டிய வாட்கம் கவுண்டி கிராமப்புறத்தில் வீடு கட்டுபவர்களுக்கு அனுமதி தரும்போது, கிணற்றுத் தண்ணீருக்கு மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் விதியைப் பார்த்துவிட்டு 'சரி' என்று சொல்லிவந்தது. 1945ஆம் ஆண்டின் நிலத்தடி நீர்ச் சட்டப்படி வீட்டுக் கிணற்றிலிருந்து நாளுக்கு 5,000 கேலன் வரை தனி நீர் உரிமை வாங்காமலே எடுக்கலாம் என்பது பழக்கம். அப்படித் துறையின் விதியை மட்டும் நம்பியிருப்பது போதாது, அந்தக் கிணறு ஆற்றின் குறைந்தபட்ச நீரோட்டத்தையும் மற்றவர்கள் முன்பே பெற்ற நீர் உரிமைகளையும் பாதிக்காது என்பதைக் கவுண்டியே உறுதிசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நீதிமன்றத்தின் கவலை நியாயமானது. மீன்களும் ஆற்றை நம்பியிருக்கும் பழங்குடிகளும் கற்பனை அல்ல. ஆனால் ஒரு கவுண்டியின் அனுமதி அலுவலகத்தில் நீரியல் நிபுணர் எத்தனை பேர் இருப்பார்கள்? வாட்கம் அந்த மாதமே இடைக்காலத் தடை போட்டது. வேறு சில கவுண்டிகளும் கையைக் கட்டிக்கொண்டன, அல்லது விலையுயர்ந்த ஆய்வு அறிக்கை கேட்டன. நிலம் வாங்கி, கிணறும் வெட்டி, வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்திருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். அவர்கள் கோபப்பட்டது யார்மேல்? கவுண்டி கவுண்டரில் உட்கார்ந்திருந்த ஊழியர்மேல்தான்.

அடுத்து வந்த 2017 கூட்டத்தொடரில் இது தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. செனட்டைக் கையில் வைத்திருந்த குடியரசுக் கட்சியினர், ஹர்ஸ்டுக்குத் தீர்வு வராமல் சுமார் 4 பில்லியன் டாலர் கட்டுமான பட்ஜெட்டை நிறைவேற்ற மாட்டோம் என்றார்கள். வழக்கமான 105 நாளோடு மூன்று சிறப்புக் கூட்டங்களும் சேர்ந்து 193 நாள் ஓடியது. மாநில வரலாற்றிலேயே சட்டமன்றம் மிக அதிக நாள் கூடிய ஆண்டு அது. ஜூலையில் இரண்டும் கிடைக்காமலே கலைந்தார்கள். பள்ளிக்கூடக் கட்டடத்துக்கான பணமும் கிணற்றுப் பிரச்சினையும் ஒரே முடிச்சில் மாட்டிக்கொண்டன.

அப்புறம் அந்த நவம்பரில் 45ஆவது தொகுதியில் ஓர் இடைத்தேர்தல். ரெட்மண்ட், கிர்க்லாண்ட், சமாமிஷ் பகுதிகள் வரும் தொகுதி, அதாவது நம்மவர்கள் நிறையப் பேர் வசிக்கும் இடம். இந்தியாவில் பிறந்த மன்கா திங்ரா வென்றார், செனட் ஜனநாயகக் கட்சியின் கைக்கு வந்தது. 2018 ஜனவரி 18 அன்று சமரசச் சட்டமும் கட்டுமான பட்ஜெட்டும் சேர்ந்தே நிறைவேறின. அந்தச் சட்டப்படி சில நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் புதிய வீட்டுக் கிணற்றுக்கு நாளுக்கு 950 கேலன், வேறு சிலவற்றில் 3,000 கேலன் என்று வரம்பு. 500 டாலர் கட்டணம். நீரோட்டத்தை மீட்க 15 ஆண்டுகளில் 300 மில்லியன் டாலர். தீர்ப்பிலிருந்து தீர்வு வரை 15 மாதம். அந்த 15 மாதமும் அனுமதி மறுத்த கடிதங்களில் இருந்தது கவுண்டியின் முத்திரை.

ஹர்ஸ்டாவது கட்டட அனுமதியோடு நின்றது. பிளேக் தீர்ப்பு நீதித்துறையின் அடிப்படையையே ஆட்டியது. ஸ்போக்கேனில் ஒரு பெண்ணின் ஜீன்ஸ் பையில் சிறு பொட்டலம் போதைப்பொருள் கிடைத்தது. அந்த ஜீன்ஸ் தோழி கொடுத்தது, உள்ளே இருந்தது எனக்குத் தெரியாது என்றார் அவர். வாஷிங்டன் சட்டத்தில் 'தெரியாது' என்பதை அரசுத் தரப்பு முறியடிக்க வேண்டிய தேவையே இல்லை. கையில் இருந்தாலே பெருங்குற்றம். தெரியாமல் வைத்திருந்தவரையும் தண்டிக்கும் இந்தச் சட்டம் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 2021 பிப்ரவரி 25 அன்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஒரு சட்டம் செல்லாது என்றால் அதன்கீழ் முன்பு வழங்கிய தண்டனைகளும் செல்லாது. 1971இலிருந்து கணக்கு. சிறையில் இருப்பவர்களுக்கு மறுதண்டனை விசாரணை, வெளியே இருப்பவர்களின் பதிவிலிருந்து குற்றத்தை நீக்குவது, அவர்கள் கட்டிய அபராதத்தையும் நீதிமன்றக் கட்டணத்தையும் திருப்பித் தருவது. இதைச் செய்ய வேண்டியவர்கள் யார்? கவுண்டியின் அரசு வழக்கறிஞர், வசதியில்லாதவர்களுக்காகக் கவுண்டி செலவில் வாதாடும் பொது வக்கீல், கவுண்டி நீதிமன்ற எழுத்தர். ஐம்பது ஆண்டுக் கோப்புகளைத் தேட வேண்டும். சட்டத்தை எழுதியது மாநிலம், அதைச் செயல்படுத்தியது கவுண்டி, செல்லாது என்றதும் துடைக்க வேண்டியதும் கவுண்டி. மாநிலம் பிறகு பணம் ஒதுக்கியது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஊழியரை எடுத்து வேலையைத் தொடங்க வேண்டிய கட்டாயம் பணத்துக்கு முன்பே வந்துவிட்டது.

தீர்ப்பு வந்தபோது கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது ஓரளவு நல்லகாலம். ஏப்ரலில் ஓர் இடைக்காலச் சட்டம் வந்தது: போதைப்பொருள் வைத்திருப்பது சிறு குற்றம், முதல் இரண்டு முறை வழக்குக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும், சட்டம் 2023 ஜூலை 1 அன்று காலாவதி. இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தும் 2023 கூட்டத்தொடரின் கடைசி நாளான ஏப்ரல் 23 அன்று கீழவையில் சமரச மசோதா தோற்றது. ஜூலையில் மாநில அளவில் சட்டமே இருக்காது என்ற நிலையில் பல நகரங்களும் கவுண்டிகளும் தங்கள் சொந்த விதிகளை எழுதத் தொடங்கின. ஒரு பாலத்தைத் தாண்டினால் வேறு சட்டம் என்று ஆகியிருக்கும். மே 16 அன்று ஒரு நாள் சிறப்புக் கூட்டத்தில் புதிய சட்டம் வந்ததால் தப்பித்தோம்.

இப்போது நடந்துகொண்டிருப்பது இதைவிடப் பெரியது, ஆனால் செய்திகளில் குறைவாகத்தான் பேசப்படுகிறது. வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசே ஒரு வக்கீலைத் தர வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963இல் கிடியன் வழக்கில் சொன்னது. கடமை அரசாங்கத்துடையது. வாஷிங்டனில் விசாரணை மட்டத்தில் அந்தச் செலவு ஏறக்குறைய முழுக்கக் கவுண்டிகள், நகரங்கள் தலையில். மாநிலம் தருவது மிகச் சிறிய பங்கு. ஒரு வக்கீல் ஆண்டுக்கு 150 பெருங்குற்ற வழக்குகள் வரை எடுக்கலாம் என்பது பழைய உச்சவரம்பு. 2024இல் மாநில வழக்கறிஞர் சங்கம், வழக்கின் கனத்துக்கு ஏற்பப் புள்ளி போட்டு, அதை 47 புள்ளிகளாகக் குறைத்தது. 2025 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் அந்த வரம்பை ஏற்றது, ஆனால் அதை எட்ட 2026 ஜனவரியிலிருந்து பத்து ஆண்டு வரை அவகாசம் தந்தது.

150 வழக்கைச் சுமக்கும் வக்கீல் தன் கட்சிக்காரரை நின்று பார்த்துப் பேசக்கூட முடியாது. சிறையில் வாரக்கணக்கில் காத்திருப்பவருக்கு அது அநீதி. அதனால் வரம்பைக் குறைத்தது சரி என்பதே என் உறுதியான கருத்து. தவறு வேறு இடத்தில் இருக்கிறது. வழக்கறிஞர் சங்கமும் நீதிமன்றமும் தரத்தை நிர்ணயித்தன, சட்டமன்றம் அதற்குப் போதிய பணத்தை ஒதுக்கவில்லை. லிங்கன், பசிஃபிக், யாக்கிமா கவுண்டிகளும் கவுண்டிகள் சங்கமும் 2023இலேயே இந்தச் செலவை மாநிலம் ஏற்க வேண்டும் என்று மாநிலத்தின்மேல் வழக்குப் போட்டன. கிங் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 22 லட்சத்துக்கும் மேல் மக்கள், தென்கிழக்கில் கார்ஃபீல்ட் கவுண்டியில் 2,300 பேர்கூட இல்லை. இருவருக்கும் ஒரே விதி. சின்னக் கவுண்டியில் ஒரே ஒரு கொலை வழக்கு வந்தால் ஆண்டு பட்ஜெட் சாய்ந்துவிடும். அப்படிப்பட்ட அசாதாரணச் செலவுக்கு மாநிலத்திடம் விண்ணப்பிக்கத் தனிச் சட்டமே வைத்திருக்கிறார்கள்.

'மாநிலம் வேலையைச் சுமத்தினால் பணமும் தர வேண்டும் என்று சட்டம் இல்லையா?' என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1979இல் வாக்காளர்களே கொண்டுவந்தார்கள். ஆனால் அது சாதாரணச் சட்டம், அரசியல் சாசனப் பிரிவு அல்ல. ஒரு சட்டமன்றம் எழுதியதை அடுத்த சட்டமன்றம் மாற்றலாம். அதோடு நீதிமன்றத் தீர்ப்பால் வரும் செலவு இதில் அடங்காது. 2017இல் 15,000 வாக்காளருக்கு ஒரு வாக்குப்பெட்டி வைக்க வேண்டும் என்று மாநிலம் சட்டம் போட்டபோது, இந்த விதியைக் காட்டிப் பணம் கேட்டுக் கவுண்டிகள் வழக்குப் போட்டன. 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றன.

உங்கள் பில் ஏறியதற்கு வருவோம். அந்த பில்லில் கவுண்டிக்குப் போவது ஒரு பகுதிதான். பள்ளி, நகரம், தீயணைப்பு, நூலகம், மாநிலம் எல்லாருக்கும் சேர்த்துக் கவுண்டி வசூலித்துத் தருகிறது. 2018இல் கிங் கவுண்டியில் சராசரியாக ஏறக்குறைய 17 சதவீதம் ஏறியது நினைவிருப்பவர்கள் இருப்பார்கள். அதன் வேர் 2012இன் மெக்லியரி தீர்ப்பு. பள்ளிக்கல்விக்கு மாநிலம் போதிய நிதி தரவில்லை என்றது உச்ச நீதிமன்றம். சட்டமன்றம் இழுத்தடிக்க, நீதிமன்றம் 2015 ஆகஸ்டிலிருந்து மாநிலத்துக்கு நாளுக்கு 1 லட்சம் டாலர் அபராதம் போட்டது. கடைசியில் 2017இல் சட்டமன்றம் மாநிலத்தின் பள்ளிச் சொத்து வரியை உயர்த்தியது. கவுண்டி கவுன்சில் அதில் ஓட்டுகூடப் போடவில்லை.

இன்னொரு காரணம், 1 சதவீத வரம்பைத் தாண்ட வாக்காளரிடம் போக வேண்டும் என்பது. பூங்காவுக்கு, குழந்தைகள் நலனுக்கு, மனநல நெருக்கடி மையங்களுக்கு என்று தனித்தனி வரிகள் வாக்குச்சீட்டில் வருவது இதனால்தான். மக்கள் அவற்றுக்கு மனமுவந்து ஓட்டுப் போடுகிறார்கள். ஆனால் அந்தப் பணத்தை அந்த வேலைக்கு மட்டுமே செலவழிக்கலாம். சிறைக் காவலர் சம்பளத்துக்கு யாரும் தனி வரிக்கு ஓட்டுப் போடுவதில்லை. அதனால் ஒரே கவுண்டியில் பூங்கா விரியும், அரசு வழக்கறிஞர் அலுவலகம் சுருங்கும். வருமான வரி வைக்கலாமே என்றால் அங்கே 1933ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று குறுக்கே நிற்கிறது: வருமானமும் சொத்துதான், ஆகவே படிப்படியான விகிதத்தில் வரி போட முடியாது என்றது. மிச்சம் இருப்பது விற்பனை வரி. ஏழை வாங்கும் சட்டைக்கும் அதே விகிதம்.

2025இல் நடந்ததைப் பாருங்கள். சொத்து வரி வரம்பை 3 சதவீதமாக உயர்த்தும் யோசனை அந்த ஆண்டும் சட்டமன்றத்துக்கு வந்து நிறைவேறாமல் போனது. பதிலாக, பொதுப் பாதுகாப்புக்காக 0.1 சதவீத விற்பனை வரியை வாக்கெடுப்பு இல்லாமல் கவுன்சிலே விதிக்கலாம் என்று வழி விட்டார்கள். 2026-27க்கு சுமார் 150 மில்லியன் டாலர் பள்ளத்தோடு நின்ற கிங் கவுண்டி, ஜூலையில் அதை நிறைவேற்றியது. வேறு வழி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் சொத்து வரியை அடைத்துவிட்டு விற்பனை வரியைத் திறந்துவிட்டது நியாயமான தேர்வு அல்ல, அந்தத் தேர்வு ஒலிம்பியாவில் எடுக்கப்பட்டது.

அதனால் கவுன்சில் கூட்டத்தில் போய்ப் பேசுங்கள், ஆனால் அங்கே மட்டும் பேசாதீர்கள். கூட்டத்தொடர் ஜனவரி இரண்டாவது திங்கட்கிழமை தொடங்கும். ஒற்றைப்படை ஆண்டில் 105 நாள், இரட்டைப்படை ஆண்டில் 60 நாள். பெரும்பாலான கவுண்டிகள் டிசம்பரிலேயே பட்ஜெட்டை முடித்துவிடும், மாநிலத்தின் இரண்டாண்டு பட்ஜெட் ஜூலையில் தொடங்கும். ஆகவே ஏப்ரல் கடைசியில் ஒலிம்பியாவில் எது முடிவானாலும் கவுண்டி நடு ஆண்டில் கணக்கைத் திருத்தி எழுத வேண்டும்.

மசோதாக்கள் பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே, குழுவைத் தாண்டுவதற்கான கெடு நாளோடு, சத்தமில்லாமல் செத்துவிடும். சட்டமன்ற இணையதளத்தில் ஒவ்வொரு மசோதாவுக்கும் கீழே நிதி விளைவுக் குறிப்பு இருக்கும். அதில் உள்ளாட்சிக்கான பகுதியைத் தனியாகத் தேடிப் படியுங்கள். செலவு எவ்வளவு, அதை யார் தருவார்கள் என்பது அங்கே தெரியும். விசாரணைக்கு ஒரு மணி நேரம் முன்பு வரை இணையத்தில் பதிவுசெய்து வீட்டிலிருந்தே ஜூமில் பேசலாம். பேசத் தயக்கம் என்றால் ஆதரவா எதிர்ப்பா என்று பெயரை மட்டும் பதியலாம், அதுவும் எண்ணிக்கையில் சேரும். உங்கள் தொகுதிக்கு ஒரு செனட்டரும் இரண்டு கீழவை உறுப்பினர்களும் உண்டு. அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த மசோதா கவுண்டிக்குக் கொடுக்கும் வேலைக்கு எந்தக் கணக்கிலிருந்து பணம் வருகிறது?